காத்திருக்கக் கூடியதும் கூடாததும்: இடைபாலினக் குழந்தைகளும் அறுவை சிகிச்சை முடிவுகளும்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22 அன்று அருண்குமார் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்ததை எதிர்த்து எழுந்த வழக்கின் முடிவாகும். இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதில் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு பெரும்பாலும் அதற்காகவே நினைவுகூரப்படுகிறது. ஆனால் திருமணப் பதிவுடன் நேரடித் தொடர்பில்லாத இன்னொரு கட்டளையும் அதே தீர்ப்பின் பிற்பகுதியில் இருக்கிறது: இடைபாலினக் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பாலின மாற்று அறுவை சிகிச்சைகளைத் தமிழக அரசு தடை செய்ய வேண்டும் என்பதும், பெற்றோரின் ஒப்புதலைக் குழந்தையின் ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்பதும் அதன் சாரம். அவ்வாண்டு ஆகஸ்ட் 13 அன்று சுகாதாரத் துறை வெளியிட்ட 355ஆம் எண் அரசாணை அக்கட்டளையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இத்தகைய அறுவைகளைச் சட்டத்தால் முதலில் தடுத்த நாடு மால்டா, 2015இல். இந்திய மாநிலங்களில் முதலில் தடுத்தது தமிழ்நாடு.

இடைபாலினம் அல்லது ஊடுபால் என்பது ஆண், பெண் என்ற வழக்கமான இரு வரையறைகளுள் ஏதேனும் ஒன்றில் முழுமையாக அடங்காத குரோமோசோம், பாலினச் சுரப்பி அல்லது பிறப்புறுப்பு அமைப்புடன் பிறப்பதைக் குறிக்கும். தம் உள்ளுணர்வின் பாலினம் பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபடுவதாக உணரும் திருநர்களின் நிலை இதனின்று வேறானது; முன்னது உடலமைப்பைப் பற்றியது, பின்னது அடையாளத்தைப் பற்றியது. கருவின் முதல் ஆறு வாரங்களில் எல்லா உடல்களும் ஒன்றுபோலவே அமைந்திருக்கும். இருவகை உள்ளுறுப்புகளுக்கான குழாய்களும், எத்திசையிலும் வளரக்கூடிய சுரப்பித் திசுவும் எல்லாக் கருவிலும் உண்டு. ஒய் குரோமோசோமில் உள்ள, 1990இல் லண்டன் ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட, எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு இயங்கினால் அத்திசு விரையாக வளர்கிறது; விரை சுரக்கும் ஒரு ஹார்மோன் கருப்பைக்கான குழாயைக் கரைக்க, டெஸ்டோஸ்டிரோனும் அதிலிருந்து உருவாகும் இன்னும் வீரியமான வடிவமும் ஆண் உறுப்புகளை உருவாக்குகின்றன. இந்தத் தொடரின் எந்தக் கட்டத்திலும் ஒரு மரபணுவோ நொதியோ ஏற்பியோ வேறுவிதமாக இயங்கக்கூடும். அதனால் இடைபாலினம் என்பது ஒரே நிலை அன்று, பல காரணங்களும் பல போக்குகளும் கொண்ட பல நிலைகளுக்கான பொதுப்பெயர்.

எத்தனை குழந்தைகள் இவ்வாறு பிறக்கின்றன என்பதற்கான விடை, எவ்வளவு வேறுபாட்டைக் கணக்கில் சேர்ப்பது என்பதைப் பொறுத்தே அமைகிறது. உயிரியலாளர் ஆன் ஃபாஸ்டோ ஸ்டெர்லிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் எல்லா வகை வேறுபாடுகளையும் சேர்த்து 1.7 சதவீதம் என்றனர். மருத்துவர் லியனார்ட் சாக்ஸ் 2002இல் வரையறையைச் சுருக்கி 0.018 சதவீதம் என்றார். பிறந்தவுடன் ஆணா பெண்ணா என்று மருத்துவரே தயங்கும் பிறப்புகள் ஏறத்தாழ 4,500இல் ஒன்று என்பது மருத்துவ நூல்கள் பரவலாகத் தரும் கணக்கு. அரசியல் வாதத்திற்கு முதல் எண் உதவலாம். பிரசவ அறையில் எடுக்கப்படும் முடிவுகளைப் பற்றிப் பேசுகையில் கடைசி எண்ணே பொருந்தும்.

அத்தகைய பிறப்புகளுக்கான தனிக் காரணங்களுள் மிகப் பரவலானது, ஏறத்தாழ 15,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைத் தயாரிக்க 21-ஹைட்ராக்ஸிலேஸ் என்ற நொதி தேவை. அது குறைந்தால் கார்ட்டிசாலாக வேண்டிய மூலப்பொருள் தேங்கி ஆண் ஹார்மோன்களாகத் திசை மாறுகிறது. இரு எக்ஸ் குரோமோசோம்களும் சினைப்பையும் கருப்பையும் கொண்ட பெண்கருவில் இவை பெருகும்போது, கிளிட்டோரிஸ் எனப்படும் பெண்குறி மொட்டு பெரிதாகிறது. யோனியும் சிறுநீர்த் துளையும் பிரியாமல் ஒரே வழியாக நின்றுவிடுவதும் உண்டு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுப் பிரதி வந்தால்தான் நோய் வெளிப்படும் என்பதால், இருவரும் அதைச் சுமப்பவர்களாயின் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் இன்னும் நிலவும் தமிழகத்தில் இது வெறும் பாடநூல் செய்தி அன்று.

இந்நிலையின் ஆபத்து பிறப்புறுப்பில் இல்லை, உப்பில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோனும் போதிய அளவு சுரப்பதில்லை. பிறந்த ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் சோடியம் சிறுநீர் வழியே வெளியேறி, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, குழந்தை பால் குடிக்க மறுத்து, வாந்தி எடுத்து, எடை குறைந்து, துவண்டு போகிறது. வயிற்றுப்போக்கு என்றோ கிருமித் தொற்று என்றோ எண்ணித் தாமதித்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். உப்புக்கரைசலும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் உடனே தரப்பட்டால் குழந்தை பிழைக்கிறது. பிறகு வாழ்நாள் முழுவதும் ஹைட்ரோகார்ட்டிசோனும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும் மாத்திரையாகக் கொடுத்து, கைக்குழந்தைப் பருவத்தில் பாலில் உப்பு சேர்த்து, காய்ச்சல் வரும் நாள்களில் மருந்தின் அளவைக் கூட்டி வந்தால் இயல்பான வாழ்வு கிட்டுகிறது. இதில் கசப்பான முரண் ஒன்றும் உண்டு. பெண்குழந்தையின் உறுப்பு மாறுபட்டுத் தெரிவதால் பரிசோதனை நடந்து நோய் பிடிபடுகிறது. இதே நொதிக் குறையுடன் பிறக்கும் ஆண்குழந்தை பார்வைக்கு எவ்வித மாறுபாடும் இன்றி வீடு திரும்பி, இரண்டாவது வாரத்தில் காரணம் தெரியாமலே இறந்துபோகக்கூடும். மருத்துவ உலகின் கவனத்தை அரை நூற்றாண்டுக் காலம் ஈர்த்துக்கொண்ட வெளித்தோற்றம், உண்மையில் உயிரைக் காக்கும் எச்சரிக்கையாகப் பயன்பட்டதே தவிர, தானே நோயாக இருந்ததில்லை.

பிற நிலைகளில் கணக்கு வேறாகிறது. முழு ஆண்ட்ரோஜன் உணராமை என்ற நிலையில் எக்ஸ், ஒய் குரோமோசோம்களும் உடலுக்குள் விரைகளும் இருந்தாலும், டெஸ்டோஸ்டிரோனை உணரும் ஏற்பி இயங்காததால் உடல் பெண்ணாகவே வளர்கிறது. பெண்ணாகவே வாழும் அவர்களிற் பலர் பூப்பு வராததற்காக மருத்துவரிடம் செல்லும்போதுதான் நிலை வெளிப்படுகிறது. உள்ளே இருக்கும் விரைகளில் புற்றுநோய் வரும் என்ற அச்சத்தால் அவை குழந்தைப் பருவத்திலேயே எடுக்கப்பட்டு வந்தன. பூப்புக்கு முன் அந்த அபாயம் மிகக் குறைவு என்பதும், அவ்விரைகள் சுரக்கும் ஹார்மோனே ஈஸ்ட்ரோஜனாக மாறி மார்பகத்தையும் எலும்பையும் வளர்க்கிறது என்பதும் பின்னர்தான் கருத்தில் கொள்ளப்பட்டன. எடுக்கப்பட்ட பின் ஆயுள் முழுக்க மாத்திரை தேவை. மாறாக, முழுமையாக உருவாகாத சுரப்பித் திசுவில் ஒய் குரோமோசோம் இருக்கும் சில நிலைகளில் புற்றுநோய் அபாயம் மெய்யானது; அங்கே சீக்கிரம் அகற்றுவதே உரிய சிகிச்சை. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடு இன்னொரு படிப்பினையைத் தருகிறது. டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமப் பகுதியில் பெண்களாக வளர்க்கப்பட்ட சிறார், பூப்பின்போது குரல் உடைந்து ஆண் உடலமைப்பு பெற்று, பெரும்பாலும் ஆண்களாகவே வாழத் தலைப்பட்டதை ஜூலியான் இம்பெராட்டோ மக்கின்லி குழு 1974இல் வெளியிட்டது. பிஞ்சிலேயே அவர்களைப் பெண்களாக வெட்டிச் செதுக்கியிருந்தால் திரும்பி வர வழியே இருந்திராது.

இத்தனை வேறுபட்ட நிலைகளுக்கும் விரைந்து அறுவை என்ற ஒரே தீர்வு எப்படி வாய்த்தது என்பதற்கான விடை, அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருக்கிறது. உளவியலாளர் ஜான் மணியும் ஹாம்ப்சன் இணையரும் 1955இல் வெளியிட்ட கட்டுரைகளில், குழந்தையின் பாலின உணர்வு முதல் ஒன்றரை ஆண்டில் வளர்ப்பாலேயே பெரிதும் நிலைபெறுகிறது என்றும், ஆகவே அதற்குள் உறுப்பை ஏதேனும் ஒரு பாலுக்கு ஏற்பத் திருத்தி, ஐயத்திற்கு இடமின்றி வளர்த்துவிட வேண்டும் என்றும் வாதிட்டனர். ஆண்குறியை உருவாக்குவதைவிடப் பெண்ணுறுப்பை அமைப்பது அறுவையாளருக்கு எளிது என்பதால் பெரும்பாலான குழந்தைகள் பெண்ணாக்கப்பட்டனர். ஐயமே எழக்கூடாது என்ற நிபந்தனை இரகசியத்தையும் கோரியது. நோயறிதல் என்ன, எது வெட்டப்பட்டது என்பவை வளர்ந்த பின்னும் பலரிடம் மறைக்கப்பட்டன. விரை எடுக்கப்பட்ட பெண்களிடம் சினைப்பை எடுக்கப்பட்டதாகச் சொல்வது அக்கால மருத்துவ வழக்கங்களுள் ஒன்று.

அந்தக் கோட்பாட்டிற்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்பட்டவர் இடைபாலினத்தவரே அல்லர். கனடாவின் வின்னிபெக்கில் 1965இல் இரட்டையருள் ஒருவராகப் பிறந்த டேவிட் ரைமரின் ஆண்குறி, எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது முன்தோல் நீக்கச் சிகிச்சையில் மின்சாரக் கருவியால் எரிந்து போயிற்று. மணியின் ஆலோசனைப்படி இரண்டு வயதாவதற்குள் விரைகளும் அகற்றப்பட்டு, பெண் பெயரிட்டு வளர்க்கப்பட்டார். 1972இல் மணி அதை வெற்றியாக எழுதினார். உண்மையில் அச்சிறுவர் பெண்ணாக இருப்பதை இடைவிடாது எதிர்த்து, பதினான்கு வயதில் தந்தையிடமிருந்து நடந்ததைக் கேட்டறிந்ததும் ஆணாகவே வாழத் தொடங்கினார். மில்டன் டயமண்டும் கீத் சிக்மண்ட்சனும் 1997இல் இதை வெளிக்கொணர்ந்த பிறகே கோட்பாட்டின் அடித்தளம் ஆட்டம் கண்டது. 2004இல், 38ஆம் வயதில், ரைமர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரே ஒரு வாழ்வைக் கொண்டு எழுப்பப்பட்ட கோட்பாட்டை அதே ஒரு வாழ்வைக் கொண்டு முற்றிலும் கவிழ்த்துவிடவும் முடியாது என்பது மெய்தான். ஆயினும் சரிபார்க்கப்படாத ஒரு கணிப்பை எத்தனை உடல்களின்மீது நிரந்தரமாக எழுதிவிட்டார்கள் என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

அறுவைக்கு உள்ளானவர்களே பேசத் தொடங்கியது அமெரிக்காவில் 1993இல், ஷெரில் சேஸ் வட அமெரிக்க இடைபாலினச் சங்கத்தைத் தொடங்கியபோது. 1996 அக்டோபர் 26 அன்று பாஸ்டனில் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் மாநாட்டின்போது அவர்கள் நடத்திய ஆர்ப்பாட்டத்தின் நினைவாகவே அந்நாள் இன்று இடைபாலின விழிப்புணர்வு நாளாகக் கொள்ளப்படுகிறது. அவர்களின் புகார்களை மருத்துவ மொழியில் உறுதி செய்த ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது, 2003இல் லான்செட் இதழில் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்டது: பாலுறவு அனுபவம் உடையவர்களில் கிளிட்டோரிஸ் அறுவை செய்யப்பட்டவர்களுள் 39 சதவீதத்தினரால் உச்ச இன்பம் எய்த இயலவில்லை, அறுவை செய்யப்படாதவர்களுள் அவ்வாறு ஒருவரும் இல்லை. ஆய்வில் பங்கேற்றவர்கள் மொத்தம் 39 பேரே என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்வதற்கில்லை. ஆனால் அதுவரை நடந்த அறுவைகள், இதைவிடப் பெரிய சான்றை வைத்துக்கொண்டு செய்யப்பட்டவை அல்ல. 2006இல் வெளிவந்த சிகாகோ ஒருமித்த அறிக்கை, தோற்றத்திற்காக மட்டும் செய்யும் அறுவையைக் குறைத்து, உணர்ச்சியையும் செயல்பாட்டையும் காப்பதை முதன்மைப்படுத்தி, நோயறிதலை மறைக்காமல் சொல்லவும் அறிவுறுத்தியது.

அறுவையை ஆதரிக்கும் மருத்துவர்களின் வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சியுள்ள, இரு எக்ஸ் குரோமோசோம்கள் கொண்ட குழந்தைகளில் மிகப் பெரும்பான்மையினர் வளர்ந்தபின் தம்மைப் பெண்களாகவே உணர்கின்றனர்; அவ்வாறிருக்க, எது பாலினம் என்ற ஐயமே இல்லாத இடத்தில் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று இம்மருத்துவர்கள் கேட்கின்றனர். அமெரிக்காவில் இந்நோயாளிகளின் குடும்பங்களுக்காக இயங்கும் கேர்ஸ் அறக்கட்டளை இத்தகைய தடைகளை எதிர்த்தே வந்திருக்கிறது. இக்கேள்விக்கான விடை, பாலினத்தைச் சரியாகக் கணித்துவிட்டால் உறுப்பை வெட்டும் அதிகாரம் வந்துவிடாது என்பதே. பெண்ணாகவே வாழப்போகும் ஒருவருக்கும் தம் உறுப்பின் உணர்ச்சியை இழக்கலாமா, அளவு பெரிதாக இருப்பது தமக்குக் குறையா என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு. குழந்தைப் பருவத்தில் அமைத்த யோனி வளரும்போது சுருங்கி, பூப்புக்குப் பின் மறுபடியும் அறுவை செய்ய நேர்வதும் அறியப்பட்டதே. அப்படியானால் முதல் அறுவை யாருடைய தேவைக்காக என்ற ஐயம் இயல்பாகவே எழுகிறது. சிறுநீர் வெளியேறுவதில் தடையோ, திரும்பத் திரும்பத் தொற்றோ ஏற்படும்போது நிலைமை வேறு. அது வெளிப்படையான மருத்துவக் காரணம்.

இந்த வாதம் கேரள உயர் நீதிமன்றத்தில் 2023 ஆகஸ்டில் நேருக்கு நேர் வந்தது. பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சியுள்ள ஏழு வயதுக் குழந்தையைப் பெண்ணாக வளர்க்க ஏதுவாக உறுப்புச் சீரமைப்பு அறுவைக்கு அனுமதி கேட்டுப் பெற்றோரே மனு செய்திருந்தனர். நீதிபதி வி.ஜி. அருண் அனுமதி மறுத்தார். குழந்தையின் ஒப்புதலின்றிச் செய்யப்படும் அத்தகைய அறுவை அதன் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் மீறும் என்றார். அதே வேளையில் பெற்றோரை வெறுங்கையுடன் அனுப்பிவிடாமல், உயிருக்கு ஆபத்து உண்டா என்று பல்துறைக் குழு ஆராய வேண்டும் என்றும், இத்தகைய அறுவைகளை ஒழுங்குபடுத்த அரசு மூன்று மாதங்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்றும் பணித்தார். தடையைக் கொண்டாடுவோர் மறந்துவிடும் பகுதி இது. அந்தப் பெற்றோர் கொடியவர்கள் அல்லர். ஊராரின் கேள்வி, பள்ளிக் கழிப்பறை, நாளைய திருமணம் என்று தமக்குத் தெரிந்த உலகத்தைக் கண்டு அஞ்சியவர்கள்.

அந்த அச்சத்துக்கு உள்ள விடைகளுள் ஒன்று, பெயர் வைப்பதையும் கத்தி வைப்பதையும் பிரித்துப் பார்ப்பது. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம்; குழந்தையை எப்படி அழைப்பது என்று உற்றார் முதல் நாளே கேட்கிறார்கள். நோயறிதலையும், அந்நோயுள்ள பிறர் வளர்ந்து எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் வைத்து ஆணாகவோ பெண்ணாகவோ வளர்க்கத் தொடங்குவதில் தவறில்லை. பெயரையும் உடையையும் ஆவணத்தையும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். அகற்றிய திசுவை மீட்க முடியாது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் அரசின் பராமரிப்பில் இருந்த பதினாறு மாதக் குழந்தையைப் பெண்ணாக்க 2006இல் அறுவை செய்யப்பட்டது. குழந்தை வளர்ந்து தன்னை ஆணாகவே உணர்ந்தது. வளர்ப்புப் பெற்றோர் தொடுத்த வழக்கு 2017இல் 4,40,000 டாலர் இழப்பீட்டுடன் சமரசமாக முடிந்தது.

தமிழக அரசாணையைக் கூர்ந்து படித்தால் இரு குறைகள் தென்படுகின்றன. உயிருக்கு ஆபத்தான நிலையில் விலக்கு உண்டு. அதை அறுவை மருத்துவர், ஹார்மோன் மருத்துவர், சமூகப் பணியாளர் அல்லது உளவியல் பணியாளர் அல்லது இடைபாலினச் செயற்பாட்டாளர், அரசுப் பிரதிநிதி ஆகியோர் கொண்ட குழுவின் பரிந்துரைப்படி மருத்துவக் கல்வி இயக்குநர் முடிவு செய்வார். இந்த ஏற்பாடு நல்லதே. ஆனால் ஆணை தடுப்பது பாலின மாற்று அறுவையை. பெண்ணென்று முடிவான குழந்தையின் கிளிட்டோரிசைக் குறைப்பவரோ, ஆண்குறியின் அடியில் சிறுநீர்த் துளை அமைந்த ஹைப்போஸ்பேடியாஸைச் சரிசெய்பவரோ தாம் பாலினத்தை மாற்றவில்லை, திருத்தவே செய்கிறோம் என்று சொல்லிவிடலாம். மேலும், உயிருக்கு ஆபத்து என்ற அளவுகோல், புற்றுநோய் அபாயமுள்ள சுரப்பியை உரிய காலத்தில் எடுக்க வேண்டிய மருத்துவரைத் தயங்கவைக்கும் அளவுக்குக் குறுகலானது. எந்தெந்த அறுவைகள் என்று பெயரிட்டுச் சொல்லாத தடை, செய்யக் கூடாததைச் செய்பவருக்கு வாசலைத் திறந்து, செய்ய வேண்டியதைச் செய்பவருக்கு அச்சத்தைத் தரும்.

இந்தியாவின் பிற பகுதிகளில் அந்த அளவும் இல்லை. 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம், இடைபாலின வேறுபாடுள்ளோரையும் திருநர் என்ற வரையறைக்குள் அடக்கிவிட்டதே தவிர, குழந்தைகளின் அறுவையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. மதுரையைச் சேர்ந்த செயற்பாட்டாளர் கோபி சங்கர் தொடுத்த மனுவில் நாடு தழுவிய நெறிமுறை வேண்டும் என்ற கோரிக்கை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்து, ஒன்றிய அரசிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அதே மாதம் ஐ.நா. மனித உரிமைப் பேரவை இடைபாலினத்தவர் குறித்த தன் முதல் தீர்மானத்தை ஒரு எதிர்வாக்கும் இன்றி நிறைவேற்றியது.

சட்டம் எழுத முனைவோர் ஜெர்மனி 2021இல் இயற்றிய சட்டத்தின் ஒரு சிறு பிரிவைக் கவனிக்கலாம். இத்தகைய சிகிச்சை பெற்ற குழந்தையின் மருத்துவ ஆவணத்தை அவருக்கு 48 வயது நிறைவடையும் வரை பாதுகாக்க வேண்டும் என்கிறது அது. தனக்கு என்ன செய்யப்பட்டது, யார் முடிவு செய்தார் என்று வளர்ந்தபின் கேட்கும் உரிமை அதனால் உயிருடன் இருக்கிறது. இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். ஒரு வயதில் அறுவை செய்யப்பட்ட குழந்தைக்கு நான்கு வயதாகும்போதே அதன் ஆவணத்தை மருத்துவமனை அழித்துவிடலாம்.